மரப்பெயரும் மக்கட்பெயரும்: இலித்துவேனியரைச் சிறுவர்க்கு அறிமுகஞ்செய்யும் இலக்கியம் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நாட்டையும் அந்நாட்டு மக்களையும் சிறுவர்க்கு அறிமுகஞ்செய்யும் நூல்கள் இக்காலத்துப் பல மொழிகளிலும் மிகுதியாக வெளிவருகின்றன. அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒரு தன்மைத்து. முதற்கண் நாட்டின் எல்லை கூறப்படும். பின்னர்ப் பரப்பும் மக்கள் தொகையும் தலைநகரும் கொடியும் கூறப்படும். இறுதியில் உடை, உணவு, விழா என்பன வண்ணப் படங்களோடு வரும். இலித்துவேனியாவைப் பற்றி இம்முறையில் எழுதப் புகுவார், அது பால்டிக் கடலின் கீழைக்கரையில் அமைந்தது என்பர். 65,300 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது, ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள் வாழ்வது, வில்னியுஸைத் தலைநகராக உடையது என்பர். அதன் கரையில் அம்பர் என்னும் பிசின்மணி ஒதுங்கும் என்பர். கொடி மஞ்சள், பச்சை, சிவப்பு என மூன்று நிறத்தது என்று முடிப்பர். இவற்றுள் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் இவையனைத்தையும் மனப்பாடஞ் செய்த சிறுவன் ஓர் இலித்துவேனியச் சிறுவனை எதிர்ப்பட்டால், அவனோடு பேசுதற்கு ஒரு சொல்லும் இவனிடத்து இராது. அறிமுகம் என்னும் சொல்லில் முகம் என்பது உளது. மேற்கூறிய நூல்களில் இல்லாதது அதுவே.

இலித்துவேனியரே தம் சிறுவர்க்குத் தம் நாட்டை எவ்வாறு காட்டினர் என்பதை ஆராய்ந்தால், இக்குறைக்கு மாற்றுக் கிடைக்கும் என்பது எம் கருத்து. அதற்குக் காரணம் அந்நாட்டு வரலாற்றிலேயே உளது. பதினைந்தாம் நூற்றாண்டில் பால்டிக் கடலோரம் தொடங்கிக் கருங்கடற்புறம் வரையில் பரந்த பேரரசாய் இருந்த அந்நாடு, 1569இல் போலந்துடன் ஓர் அரசாக இணைந்தது. 1795இல் அவ்விணையரசின் இறுதிப் பங்கீட்டில் பெரும்பகுதி உருசியப் பேரரசின்கீழ்ச் சென்று நிலப்படத்தினின்றே மறைந்தது. 1918ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் மீண்டும் தனிநாடாயிற்று. 1940இல் சோவியத்து ஒன்றியத்துள் வலிந்து சேர்க்கப்பட்டு, 1990ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் தன் உரிமையை மீளவும் நிலைநாட்டியது. இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலோ, தலைநகரெனத் தாம் கொண்ட வில்னியுஸ் போலந்தின் வசம் இருந்தமையால், கௌனாஸ் நகரைத் தற்காலிகத் தலைநகராகக் கொண்டு அரசு நடாத்தினர். இங்ஙனம் எல்லை நில்லாது அலைந்த நாட்டில், தாய் தன் மகவுக்கு நிலப்படத்தை விரித்து 'இதுவே நம் நாடு' என்று காட்டுதற்கு இயலுமோ? பரப்பையும் எல்லையையும் கொண்டு தொடங்கும் வழி அவர்க்கு அடைபட்டிருந்தது. ஆகலின் அவர்கள் மரத்தையும் வீட்டுப் பாம்பையும் எழுத்தையும் கொண்டு தொடங்கினர். தொல்காப்பியர் கூறிய முறையால் சொல்வதாயின், முதற்பொருளாகிய நிலம் கையில் இல்லாதபோது கருப்பொருளைக் கொண்டு நாட்டை உணர்த்தினர் எனலாம்.

இம்முறைக்குத் தலைசிறந்த சான்றாக நிற்பது 'பாம்பரசி எக்லே' என்னும் நாட்டுக்கதை. 1837இல் அச்சேறிய இக்கதைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் பின்னர்த் தொகுக்கப்பட்டுள்ளன. இலித்துவேனியச் சிறுவருள் இதனைக் கேளாது வளர்ந்தார் அரியர். கதைச் சுருக்கம் வருமாறு:

பன்னிரண்டு தமையன்மாரையும் இரண்டு தமக்கையரையும் உடைய எக்லே என்னும் இளமகள், ஒருநாள் மாலை கடலாடிக் கரையேறியபோது தன் சட்டைக் கையினுள் ஒரு பாம்பு சுருண்டிருப்பதைக் கண்டாள். தன்னை மணப்பதாக வாக்களித்தாலன்றி அது விலகாதென மனிதக் குரலில் கூறியது. அச்சத்தால் அவளும் வாக்களித்தாள். மூன்றாம் நாள் ஆயிரக்கணக்கான பாம்புகள் மணமகளை அழைத்துச் செல்ல வந்தன. வீட்டார் அவளுக்கு ஈடாக வாத்தையும் ஆட்டையும் கன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து ஏய்க்க முயன்றனர்; குயிலொன்று உண்மையைக் கூவி உரைத்துவிட்டது. எக்லே கடற்கரை சென்றாள். ஆண்டு அவளை எதிர்கொண்டவன் பாம்பல்லன். ஜில்வினாஸ் என்னும் அழகிய தலைமகன். கடலடி மாளிகையில் இருவரும் இனிது வாழ்ந்தனர். மூன்று ஆண்மக்களும் ஒரு பெண்மகவும் பிறந்தனர். ஒன்பது ஆண்டு கழிந்தபின் எக்லே தாய்வீடு காண விழைந்தாள். முடியாத மூன்று வேலைகளை ஜில்வினாஸ் அவளுக்கு இட்டான்: நூற்க நூற்கத் தீராத பஞ்சை நூற்றல், இரும்புச் செருப்பைத் தேயச் செய்தல், கலமின்றி அப்பம் சுடுதல். மூதாட்டி ஒருத்தியின் அறிவுரையால் அவள் மூன்றையும் முடித்தாள். ஒன்பது நாளைக்கு விடை கொடுத்த ஜில்வினாஸ், திரும்பி வருங்கால் கரையில் நின்று தன் பெயரைச் சொல்லி அழைக்குமாறும், தான் உயிரோடிருப்பின் அலை பால்போல் நுரைக்கும், இறந்திருப்பின் குருதியாய் நுரைக்கும் என்றும் கூறி, அப்பெயரைப் பிறர்க்கு உரையற்க என மக்களைத் தடுத்து அனுப்பினான். தங்கை திரும்பிப் போதலை விரும்பாத தமையன்மார் சிறுவரைத் தனித்தனியே அழைத்துச் சென்று தந்தை பெயரைக் கேட்டு அச்சுறுத்தினர். ஆண்மக்கள் மூவரும் வாய்திறந்திலர். கடைக்குட்டியாகிய பெண் அஞ்சி உரைத்துவிட்டாள். பன்னிருவரும் அரிவாளொடு கடற்கரை சென்று ஜில்வினாஸை அழைத்து வெட்டினர். எக்லே வந்து அழைத்தபோது குருதி நுரைத்தது. நடந்ததைக் கடலடியிலிருந்து கணவன் குரலே உரைத்தது. அவள் தன் மக்களை மரமாகுமாறு சொல்லித் தானும் மரமானாள்.

நெய்தல் நிலமும் இரங்கற் பொருளும் நன்கு கற்ற நம்மனோர், இக்கதையை நெய்தல் என்று பெயரிட்டு அமைய விழைவர். அவ்வொப்புமை எளிது, ஆயின் அதனால் பயன் சிறிது. இரங்கல் எல்லாக் கடற்கரையினும் உண்டு. இக்கதைக்கே உரிய சிறப்பு அதன் பெயர்களில் உளது. எக்லே என்பது இலித்துவேனிய மொழியில் ஓர் ஊசியிலை மரத்தின் பெயர். நம் மலைப்பகுதிகளில் காணும் தேவதாருவை ஒருவாறு ஒத்தது. மூத்த மகன் பெயர் ஆஜுவொலாஸ். அது கருவாலி மரம். அடுத்தவன் உவோசிஸ், ஆஷ் என வழங்கும் மரம். மூன்றாமவன் பெர்ஜாஸ், வெண்பட்டையுடைய பூர்ச்ச மரம். பூர்ச்சம் என நாம் வழங்கும் வடசொல்லும் பெர்ஜாஸ் என்னும் சொல்லும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிபு. மகள் த்ரெபுலே, சிறு காற்றுக்கும் இலை நடுங்கும் மரம். 'த்ரெபேத்தி' என்னும் வினைக்கு அம்மொழியில் நடுங்குதல் என்பதே பொருள். எனவே கதை முடிவில் ஐவரும் மரமாதல் புறத்தினின்று வந்த மாயம் அன்று. அவர்தம் பெயரே உருவாயிற்று. கதை தொடங்கும்போது பெயரென நின்றது, முடியும்போது காடாக நிற்கின்றது.

இக்கதையைக் கேட்ட இலித்துவேனியச் சிறுவன் மறுநாள் காட்டு வழியே செல்லுங்கால் காண்பன யாவை? தன் நாட்டுக் காட்டின் தலையாய ஐந்து மரங்களையும் அவன் உறவுமுறையோடு அறிந்துவிட்டான். எது தாய், எது மூத்த மகன், எது அஞ்சி நடுங்கும் தங்கை என்பதை அவனுக்கு யாரும் மீளக் கற்பிக்க வேண்டுவதில்லை. நாட்டறிமுகம் என்பது இதனின் மேம்பட்டு வேறு எவ்வாறு நிகழக்கூடும் என்பது எமக்குப் புலப்படவில்லை. அந்நாட்டு நாட்டுப்பாடல்களிலும் கருவாலி ஆடவரைக் குறித்தும் லிந்தன் மரம் பெண்டிரைக் குறித்தும் வருதல் மரபு. மரத்தையும் மக்களையும் இணைத்தெண்ணும் இம்மனப்பாங்கு பின்னைய புலவரிடத்தும் தொடர்ந்தது. பரனௌஸ்காஸ் என்னும் புலவர் 1860-61இல் வெளிவந்த தம் 'அனீக்ஷ்சியாய்க் காடு' என்னும் பாட்டில் வெட்டுண்ட காட்டுக்கு இரங்கியது நாட்டுக்கே இரங்கியதாகக் கொள்ளப்பட்டது. மர்சின்கேவிசியுஸ் 1958இல் சிறுவர்க்கெழுதிய 'காளான்களின் போர்' என்னும் நூலோ, காட்டிற் பறிக்கும் காளான்களைப் போர்க்களத்தில் நிறுத்தி நகையாடுகின்றது.

இனி, இக்கதையைப் பிறமொழியிற் பெயர்ப்பார் எதிர்ப்படும் இடர்ப்பாடுகளைக் காண்பாம். இவை வெறும் சொற்சிக்கல் அல்ல. இலித்துவேனியரைப் பிறநாட்டுச் சிறுவர் எத்தகைய மக்களாகக் கருதுவர் என்பதையே அறுதியிடுவன.

முதலாவது, பாம்பு என்னும் சொல். மூலத்தில் வருவது 'ஜால்தீஸ்'. இது நஞ்சில்லாத நீர்ச்சார்புடைய ஒரு பாம்பு; தலையின் இருபுறமும் மஞ்சட் பொட்டுடையது. ஐரோப்பிய நாடுகளுள் கடைசியாகக் கிறித்தவம் தழுவிய அரசு இலித்துவேனியா. அதன் அரசு முறையான மதமாற்றம் 1387இல் நிகழ்ந்தது, மேலைப்பகுதியாகிய சமோகிதியாவில் 1413இல் தொடங்கிற்று. அதற்குப் பின்னும் நெடுங்காலம் இல்லந்தோறும் இப்பாம்பைக் காவலாகப் போற்றிப் பாலூட்டினர் என அயல்நாட்டு எழுத்தாளர் குறித்துள்ளனர். ஆங்கிலத்தில் பெயர்த்தோர் பலர் 'செர்ப்பெண்ட்' என்னும் சொல்லை ஆண்டனர். அச்சொல்லைக் கேட்கும் மேலைநாட்டுச் சிறுவன் உள்ளத்தில் ஏதேன் தோட்டத்துப் பாம்பே தோன்றும். அவன் ஜில்வினாஸை வஞ்சகன் என ஐயுற்று, தமையன்மாரை மீட்போர் எனக் கருதுதல் கூடும்; கதையின் நடுநிலையே புரண்டுவிடும். தமிழில் பெயர்ப்பார் நாகம் என்பாராயின் வேறொரு தவறு நேரும். நாகம் நமக்கு நஞ்சும் படமும் வழிபாடும் உடையது. வழிபாடு ஒருபுடை பொருந்துமாயினும் நஞ்சு பொருந்தாது. ஜால்தீஸ் கடியாது, அதனை வெட்டுவார் அச்சத்தால் வெட்டினர் என்று சொல்லித் தப்பவியலாது என்பதே கதையின் உட்பொருள். தண்ணீர்ப்பாம்பு என்னும் எளிய வழக்குச்சொல்லே இங்கு ஏற்றது என்பேம். அச்சொல் கேட்பார்க்கு வீறு குறைந்து தோன்றலாம். வீறு குறைந்த அவ்வுயிரே கடலரசனாகும் வியப்பைக் கதை தானே தரும், சொல் தரவேண்டுவதில்லை.

இரண்டாவது இடர்ப்பாடு திணை பற்றியது. இலித்துவேனிய மொழியில் பெயர்ச்சொற்களெல்லாம் ஆண்பால், பெண்பால் என்னும் இரண்டனுள் அடங்கும். அஃறிணை ஒன்றன்பாலை ஒத்த பிரிவு பெயர்க்கு இல்லை. எக்லே, த்ரெபுலே என்னும் மரங்கள் பெண்பால். ஏனைய மூன்றும் ஆண்பால். ஆகவே ஆஜுவொலாஸ் என்னும் சிறுவன் ஆஜுவொலாஸ் என்னும் மரமாகும்போது மொழியில் யாதொரு மாற்றமும் நேர்வதில்லை. முன்னர் எச்சொல்லோ பின்னரும் அச்சொல்லே, முன்னர் எப்பாலோ பின்னரும் அப்பாலே. தமிழிலோ நிலைமை வேறு. மக்களை உயர்திணையாகவும் பிறவற்றை அஃறிணையாகவும் பகுத்த மொழி இது. 'மகன் நின்றான்' என்பது 'மரம் நின்றது' என ஆகும் கணத்திலேயே அவன் திணை இழக்கின்றான். மூலத்தில் இல்லாத ஓர் இழப்பு, ஓர் இறப்பு, மொழிபெயர்ப்பில் தானே நுழைந்துவிடும். இலித்துவேனியச் சிறுவன் எக்லேயை இறந்தாளாகக் கருதுவதில்லை, அவள் நிற்கின்றாள். ஆகலின் இறுதிப் பகுதியைத் தமிழாக்குவார் 'நின்றாள்', 'நடுங்கினாள்' என உயர்திணை முடிபே கொடுத்துச் செல்லுதல் வேண்டும். உவப்பு முதலிய காரணம் பற்றித் திணை மயங்குதலை நம் இலக்கண ஆசிரியரும் உடன்பட்டனராதலின், இது வழுவன்று, வழுவமைதியே.

மூன்றாவது, பெயர்களை எழுத்துப்பெயர்ப்பாக நிறுத்துவதா, பொருள்பெயர்ப்பாகத் தருவதா என்பது. எழுத்துப்பெயர்ப்பால் மரம் மறையும்; பொருள்பெயர்ப்பால் அயல்நாட்டு ஒலி மறையும். ஒரே விதி எல்லாப் பெயர்க்கும் ஒவ்வாது. எக்லே, ஜில்வினாஸ் என்பவற்றை ஒலியாகவே நிறுத்தலாம். கடைக்குட்டியின் பெயரைமட்டும் 'நடுங்கி' எனத் தருதல் தகும். பெயரும் வினையும் ஒருவேரினவாதல் அவளிடத்து மட்டுமே கதையின் முடிச்சாக நிற்றலின் என்க.

இக்கதையின் முடிவு சிறுவர்க்கு ஆகாது என்று கருதி அதனை மாற்றுவாரும் உளர். படக்கதைகளில் கொலையை மறைத்து, ஜில்வினாஸ் கடலுள் மறைந்தான் என முடிப்பாரும் உளர். இம்மாற்றம் எமக்கு உடன்பாடன்று. அவர்தம் தயக்கத்தில் ஓர் உண்மை உளது என்பதை மறுக்கவும் இயலாது. நடுங்கியின் தண்டனை முறையானதா? கொலை செய்தோர் வளர்ந்த ஆடவர் பன்னிருவர். அச்சுறுத்தப்பட்டுப் பெயரைச் சொன்னவள் ஒரு குழவி. கதையோ கொலைஞரைப் பற்றிப் பேசாது விட்டுக் குழவியை என்றும் நடுங்குமாறு நிறுத்துகின்றது. இதனை அறமென்று கற்பித்தல் தவறு. ஆயின் கதை இதனை அறமென்று கூறவில்லை. தாயின் துயரத்தில் பிறந்த சொல்லாகவே கூறுகின்றது. 'அவள் என்ன செய்வாள், அவள் சிறியவள்தானே?' என்று கேட்கும் சிறுவன் கதையைத் தவறாக உணர்ந்தவன் அல்லன். அதன் நடுவிடத்தை அடைந்தவன். அவ்வினாவை எழவொட்டாது முடிவை மாற்றுவார், சிறுவரைக் காப்பதாக எண்ணி அவர்தம் நீதியுணர்வைக் கெடுப்பவராவர்.

சலோமேயா நேரிஸ் என்னும் பெண்பாற் புலவர் 1940இல் இக்கதையை நெடும்பாட்டாகப் பாடினார். இன்றைய இலித்துவேனியர் பலர் இக்கதையை அறிந்திருப்பது அப்பாட்டின் வாயிலாகவே. அதே ஆண்டில் ஸ்டாலினைப் போற்றியும் அவர் ஒரு பாட்டு இயற்றினார் என்பதும், நாட்டைச் சோவியத்து ஒன்றியத்தில் சேர்க்குமாறு கேட்க மாஸ்கோ சென்ற குழுவில் இடம்பெற்றார் என்பதும் மறைத்தற்கில்லை. வீட்டாரே வீட்டாரைக் காட்டிக்கொடுக்கும் கதையும் அச்செயலும் ஒரே ஆண்டில் ஒருவரிடத்தே அமைந்தமை இலக்கிய வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்று. பின்னர் 1960இல் பால்சிஸ் இக்கதையைப் பாலே நாடகத்துக்கு இசையமைத்தார். பலாங்காக் கடற்கரைப் பூங்காவில் எக்லே பாம்போடு நிற்கும் சிலை சிறுவர் ஏறி விளையாடும் இடமாக உளது.

அரசமரபுக் கதைகளைப் பற்றி விரித்தல் வேண்டா. கெடிமினாஸ் என்னும் கோமகன் கனவில் இரும்பு ஓநாய் குன்றின்மேல் நின்று ஊளையிட்டதும், அதனால் வில்னியுஸ் நகர் எழுந்ததும் எல்லா அறிமுக நூலிலும் உள்ளன. 1323இல் அவன் விடுத்த மடல்களே அந்நகரை முதன்முதற் குறிக்கும் எழுத்துச் சான்று. ஓநாய்க் கதை பெருமிதம் தரும், உறவு தருவதில்லை.

எழுத்து வாயிலாக நாட்டை அறிவித்த வரலாறு தனிச்சிறப்புடையது. இலித்துவேனிய மொழியின் முதல் அச்சுநூல் 1547இல் கோனிக்ஸ்பெர்க்கில் மர்த்தினாஸ் மஜ்வீதாஸ் வெளியிட்ட சமய வினாவிடை நூலாகும். அதனுள் எழுத்தறி பகுதி ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. முகவுரைப் பாட்டில் நூலே மக்களை உடன்பிறந்தாராக விளித்துப் பேசுகின்றது. நூல் தன்னைத் தானே அறிமுகஞ்செய்துகொள்ளும் இவ்வமைப்பு ஒரு மொழியின் முதல் அச்சுப் பக்கத்திலேயே காணப்படுவது நினைக்கத்தக்கது. இன்று அந்நூலின் படிகள் இரண்டே எஞ்சியுள்ளன.

1863இல் நிகழ்ந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1864 முதல் 1904 வரை, நாற்பது ஆண்டுகள், இலத்தீன் எழுத்தில் இலித்துவேனிய நூல்களை அச்சிடுதலை உருசிய அரசு தடைசெய்தது. உருசிய எழுத்திலேயே அச்சிடுக என்றது. மக்கள் அதனை ஏற்றிலர். எல்லைக்கு அப்பால் செருமானியப் பிரஷ்யாவில் தில்சித் முதலிய ஊர்களில் அச்சிட்ட நூல்களைச் சுமந்துவந்து ஊர்தோறும் பரப்பினர். இவர்க்கு 'க்னிக்னேஷிஸ்', அதாவது நூற்சுமையாளர் என்று பெயர். பிடிபட்டோர் சிறையும் சைபீரியாவும் கண்டனர். யூர்கிஸ் பியெலினிஸ் என்பார் இவருள் தலைசிறந்தவர். அவர் பிறந்த மார்ச்சு 16ஆம் நாளே நூற்சுமையாளர் நாளாகப் போற்றப்படுகின்றது. அக்காலத்துப் பள்ளி என்பது வீடு. ஆசிரியர் என்பார் தாய். பெத்ராஸ் ரிம்ஷா 1906இல் செதுக்கிய 'வறுமைப் பள்ளி' என்னும் சிற்பத்தில் தாய் இராட்டையில் நூற்றுக்கொண்டே அருகில் நிற்கும் மகவுக்கு நூல் படிக்கக் கற்பிக்கின்றாள். நூல் என்னும் சொல் இருபொருள்படும் தமிழர்க்கு அச்சிற்பத்தை விளக்க வேண்டுவதில்லை.

இத்தடைக்காலத்தில்தான் இலித்துவேனியச் சிறுவர் உரைநடை தோன்றிற்று. சமோகிதியாவின் ஆயர் மொத்தியேயுஸ் வலாஞ்சியுஸ் (1801-1875) 1868இல் 'சிறுவர் நூல்' என்னும் கதைத் தொகுதியை வெளியிட்டார். உழவர் குடியிற் பிறந்த அவர் பேச்சுவழக்கின் உயிர்ப்பை நன்கு அறிந்தவர். இலக்கியச் சுவை நோக்கின் அத்தொகுதியின் அறம் மிகவும் நேர்கோடானது: கீழ்ப்படியாதவன் கெடுவான், கீழ்ப்படிந்தவன் வாழ்வான். சிறுவர்க்குக் கதை எழுதிய ஆயர் வேறு யாது எழுதுவார் என்று அமையலாம். எனினும் அக்கதைகளில் தொழுவமும் வயலும் அடுப்பங்கரையும் மெய்யானவை. தம் ஊரே அச்சில் நிற்றலை அச்சிறுவர் முதன்முறை கண்டனர்.

அவரது 'பலாங்கா யூசே' (1869) இதனினும் நம் பொருளுக்கு நெருங்கியது. யூசே ஒரு தையற்காரன். ஊரூராய்ச் சென்று தைத்துப் பல்லாண்டு கழித்துத் தாய்வீடு திரும்பி, தான் கண்டவற்றை மாலைதோறும் வீட்டார்க்குச் சொல்கின்றான். ஒவ்வோர் ஊரின் மணவினை, ஆட்டம், பேச்சு, உடை என்பன அவன் வாய்மொழியாக வருகின்றன. கதைத்தலைவன் தையற்காரனாக அமைந்தது நுண்ணிய தேர்வு. வணிகன் சந்தையைக் காண்பான். படைஞன் சாலையைக் காண்பான். தையற்காரனோ வாடிக்கையாளர் வீட்டினுள்ளே தங்கி, அவர் உடலை அளந்து, அவரோடு உண்டு, அவர் மணத்துக்குத் தைத்துக் கொடுப்பவன். எல்லை அழிக்கப்பட்ட நாட்டை ஓர் ஊசியால் கோத்துக் காட்டிய நூல் அது. இன்றைய அறிமுக நூல்கள் விமானத்திலிருந்து நாட்டைப் பார்க்கின்றன. வலாஞ்சியுஸ் திண்ணையிலிருந்து பார்த்தார்.

இருபதாம் நூற்றாண்டின் பெருந்துயரைச் சிறுவர்க்கு எவ்வாறு உரைப்பது என்பது இறுதி வினா. 1941ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் தொடங்கிச் சில நாட்களில் ஏறத்தாழ 17,000 பேர் இலித்துவேனியாவினின்று சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டு நாடுகடத்தப்பட்டனர். குடும்பத் தலைவரைப் பிரித்து முகாம்களுக்கு அனுப்பினர். பெண்டிரும் சிறுவரும் சைபீரியா சென்றனர். பதினான்கு வயதில் அவ்வாறு சென்று லாப்தேவ் கடலோரத்தில் துன்புற்ற தாலியா க்ரின்கேவிசியூத்தே, பின்னர்த் தப்பிவந்து எழுதிய குறிப்புகளைக் கௌனாஸ் வீட்டுத் தோட்டத்தில் கண்ணாடிக் குடுவையிலிட்டுப் புதைத்தார். அவர் 1987இல் மறைந்தார். குடுவை 1991இல் கிடைத்தது.

பிறநாட்டு இளையோர்க்கு இவ்வரலாற்றை அறிவித்த நூல்களுள் பெரும்புகழ் பெற்றது, இலித்துவேனிய வழியினராகிய அமெரிக்க எழுத்தாளர் ரூத்தா செப்பெத்தீஸ் 2011இல் வெளியிட்ட ஆங்கில நாவல். பதினைந்து வயதுப் பெண் லீனா ஓவியத்தால் தன் துயரைப் பதிவதாக அமைந்த அந்நூல் உள்ளத்தை உருக்குவது. ஆயினும் அதனைப் படித்து முடித்தவர் சைபீரியாவை அறிந்த அளவுக்கு இலித்துவேனியாவை அறியார். தாய்நாடு அங்கே இடையிடையே மின்னும் நினைவாக மட்டும் நிற்கின்றது. துன்புற்றோர் என்பதே அம்மக்களின் முகமாகிவிடுகின்றது. இது குறைகூறற்குரியதன்று எனினும், அறிமுகமாகப் போதாது.

2017இல் யூர்கா வில்லே எழுதி லினா இத்தகாகி வரைந்த 'சைபீரிய ஹைக்கூ' என்னும் படக்கதை வேறு வழியிற் செல்கின்றது. கதை சொல்பவன் ஒரு சிறுவன். வீட்டாரைக் கொண்டுபோக வந்த நாளில் அவன் வளர்த்த ஆண்வாத்து கொல்லப்படுகின்றது. அதன் ஆவி அவனோடு வண்டியேறி வருகின்றது. சப்பானியக் குறும்பாக்களில் தோய்ந்த அத்தை ஒருத்தி, பனிவெளியிலும் அப்பாக்களைக் கைவிடுவதில்லை. பசியும் இறப்பும் மறைக்கப்படவில்லை. ஆயினும் வாத்தும் பாட்டும் உடன் வருதலின் அச்சிறுவனின் வீடு அவனோடே வருகின்றது. நாடு என்பது விட்டுவந்த இடமாக மட்டுமன்றித் தூக்கிவந்த பொருளாகவும் காணப்படுகின்றது. நூற்சுமையாளரின் மரபு இங்கே ஒரு வாத்தின் உருவில் தொடர்கின்றது என்று எமக்குத் தோன்றுகின்றது. எக்லே கதையில் வாத்தை ஈடாகக் கொடுத்து மகளைக் காக்க முயன்ற வீட்டாரை இங்கு நினைத்தல் மிகையாகலாம். ஆயினும் அக்கதை கேட்டு வளர்ந்த சிறுவர் நினையாதிரார்.

ஆயினும் அறிமுக நூல்கள் பெரும்பாலும் தவிர்க்கும் ஒரு வினா எஞ்சுகின்றது. இலித்துவேனிய மக்கள் என்னும்போது யாவரைச் சுட்டுகின்றோம்? வில்னியுஸ் நகரில் நூற்றாண்டுகளாக இத்திஷ் மொழி பேசிய யூதர் வாழ்ந்தனர். அந்நகர் அவர்தம் கல்விக்குப் பேர்பெற்றது. திராக்காய் ஊரில் காராயித்தர் இன்றும் உளர். 1941 முதல் 1944 வரை நாட்சியர் ஆட்சியில் அந்நாட்டு யூதருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். உள்நாட்டாரும் அக்கொலையிற் பங்குகொண்டனர். சைபீரியாவை உரைக்கும் நூல்கள் இதனை உரையாது விடின், சிறுவன் பெறும் முகம் பாதி முகமே. நாடுகடத்தப்பட்டோர் துயரும் இதுவும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. 1941ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவ்வண்டிகளில் யூதக் குடும்பங்களும் இருந்தன.

சிறுவரிலக்கியமே இதற்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. கோர்னேய் சுகோவ்ஸ்கி படைத்த விலங்கு மருத்துவர் ஐபொலித் உருசிய மொழி வழங்கிய நாடெங்கும் சிறுவர் அறிந்த பாத்திரம். அப்பாத்திரத்துக்கு முன்மாதிரி வில்னியுஸில் வாழ்ந்த யூத மருத்துவர் செமாக் ஷாபாத் (1864-1935) என்பதைச் சுகோவ்ஸ்கியே உரைத்துள்ளார். ஏழைச் சிறுவர்க்குப் பொருள் பெறாது மருத்துவம் செய்தவர் அவர். சிறுவர் கொண்டுவந்த பூனைக்கும் மருந்திட்டவர் என்பர். 2007இல் வில்னியுஸின் பழைய யூதப்பகுதியில் அவர்க்குச் சிலை எடுத்தனர். பீடம் உயரமின்றி, தொப்பியணிந்த முதியவர் தெருவிலேயே நிற்கின்றார். எதிரே பூனையைக் கையிலேந்திய ஒரு சிறுமி அண்ணாந்து அவரை நோக்கி நிற்கின்றாள்.